புள்ளியும் மூடுபனியும்

கற்பித்தலையே தொழிலாகக் கொண்டோர்க்குக் கற்றல் எத்துணை அரிது என்பது மறந்துபோதல் இயல்பு. நாற்பத்தாறாம் அகவையில் எம் மகளிடமே மாணவராக அமர்ந்தபோதுதான் அவ்வுண்மை எமக்கு மீண்டும் புலனாயிற்று.

எம் தந்தையார் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றியவர். யாம் பிறந்து வளர்ந்த அத்தோட்ட வீடு இன்று இல்லை. அதன் முற்றத்திலிருந்து தெரிந்த மலைச்சரிவுக்கு ஒரு நிழற்படமும் எம்மிடம் இல்லை. அன்னையார்க்கோ ஆண்டு எண்பதைக் கடந்துவிட்டது. அக்காட்சியை அவர் மீண்டும் ஒருமுறை காண வேண்டும் என விழைந்தோம். ஓவியம் எமக்கு வாராது. கணிப்பொறியியல் பயிலும் மகளோ, "அத்தா, வரையத் தெரிய வேண்டாம். விதியைச் சொல்லத் தெரிந்தால் போதும். ஷேடர் எழுதுங்கள்" என்றாள்.

ஷேடர் என்பது கணிப்பொறியின் வரைகலைச் செயலியில் இயங்கும் சிறு நிரல். திரையிலுள்ள ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அது தனித்தனியே இயங்கி, 'நீ நிற்கும் இடத்துக்குரிய நிறம் யாது?' என்னும் ஒரே வினாவுக்கு விடை தருகிறது. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை எனின், 12 கோடிக்கு மேற்பட்ட விடைகள்! அண்டைப் புள்ளி எந்நிறம் பெற்றது எனப் பார்த்து எழுத எப்புள்ளிக்கும் வழியில்லை. காலையில் ஒரே கட்டளையைப் பெற்று, தத்தம் நிரையில் நின்று, இரண்டு இலையும் ஒரு துளிருமாகக் கிள்ளும் தோட்டத்துப் பெண்டிரை இஃது எமக்கு நினைவூட்டிற்று. ஒருவர் கை மற்றவர் கைக்குக் காத்திராது. மாலைக்குள் சரிவு முழுதும் முடிந்திருக்கும்.

முதல் நாள், திரை முழுவதையும் செந்நிறமாக்க முயன்று தோற்றோம். செந்நிறத்தின் அளவைக் குறிக்கும் மாறிக்கு 1 என மதிப்பளித்திருந்தோம். யாம் பயின்ற ஜி.எல்.எஸ்.எல். மொழி வடிவில் அவ்விடத்தே 1.0 என்றே எழுத வேண்டுமாம். ஒரு புள்ளி குறைந்தமையால் நிரல் முழுதும் மறுக்கப்பட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத மாணவர்தம் விடைத்தாளில் இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையால் சுழித்த கை எமது. அன்று எமக்கே சுழி விழுந்தது.

பின்னர் மெல்ல மெல்ல மலை எழுந்தது. ஒளி வரும் திசைக்கும் சரிவு நோக்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைன் அளவே சரிவின் ஒளிர்வு என்னும் விதியை லாம்பர்ட் 1760இல் தம் நூலில் எழுதினார். அதனை நிரலில் இட்டதும் ஞாயிற்றை நோக்கிய சரிவு ஒளிர்ந்தது, மறுபுறம் இருண்டது.

மூடுபனிதான் அகப்படவில்லை. எண்களைத் தாறுமாறாக இறைத்தால் பனி வாராது, மணல் இறைத்த தோற்றமே வரும். 1982இல் வெளிவந்த 'டிரான்' திரைப்படப் பணியில் ஈடுபட்டிருந்த கென் பெர்லின், அண்டை மதிப்புகள் ஒன்றோடொன்று இழைந்து மாறும் முறை ஒன்றைக் கண்டு 1985இல் வெளியிட்டார். அதற்கென 1997இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் தொழில்நுட்ப விருதும் பெற்றார். அம்முறையைப் பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் அடுக்கியபோது பனி படர்ந்தது. தொலைவு கூடக் கூட நீலத்தைக் கலந்தோம். நீலகிரி தன் பெயரை மெய்ப்பித்தது.

அன்னையாரை அழைத்துக் காட்டினோம். நெடுநேரம் நோக்கியவர், "மலை சரிதான் தம்பி. ஆனா மேகம் மேலேருந்து இறங்காது, பள்ளத்துலேருந்து ஏறி வரும். அது வாசப்படிக்கு வர்றதுக்குள்ள ஒங்க அத்தா கெளம்பிருவாரு" என்றார்.

யாம் அதனை அறவே மறந்திருந்தோம். நிரலில் ஈரிடத்தை மட்டுமே மாற்றினோம். உயரம் என்றிருந்த இடத்தில், ஒன்றிலிருந்து உயரத்தைக் கழித்தோம். பனி கீழே செறிந்தது. நகர்வின் குறியைத் திருப்பினோம்; பனி மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. அன்னையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, திரையின் இடப்புறத்தே விரல் வைத்து, "இங்கதான் நம்ம வீடு" என்றார். அவ்விடத்தில் யாம் ஏதும் வரைந்திருக்கவில்லை. இன்றும் அதனை வெறுமையாகவே விட்டு வைத்துள்ளோம்.

மாணவச் செல்வங்களே, விதிகளை நூல்களில் கற்கலாம். பிழைபடக் கற்றுத் திருத்தியும் கொள்ளலாம். பனி எத்திசையில் ஏறும் என்பதை மட்டும் அங்கு வாழ்ந்தோரிடம் கேட்டே அறிதல் வேண்டும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டல் வேண்டும்.