பின்னச்சில் எழுந்த ஓசை

வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணத்தையும் வகுப்பறையையும் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு பழைய மகிழுந்தின் பின்னச்சைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியைக்கும் பின்னச்சுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் புன்னகைக்கலாம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான வண்டி. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தி செய்யப்பட்டது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என் அப்பா, 1974இல் இதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். நானும் தம்பியும் பள்ளிக்குப் போனது இதில்தான். இப்போது அப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. செவித்திறன் மிகவும் குறைந்துவிட்டது. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வருவார். என் பிள்ளைகள் பின்னால்.

கடந்த ஆண்டு பின்புறத்தில் ஓர் ஓசை தொடங்கியது. மணிக்கு 45 கிலோமீட்டரில் மெல்லிய உறுமலாக எழும். 60இல் பேச்சுக் கேட்காத அளவுக்கு வளரும். முதலில் சென்ற பட்டறையில் டயர் என்றார்கள். புது டயர் போட்டும் ஓசை நிற்கவில்லை. அடுத்த பட்டறையில் பின்னச்சின் எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினார்கள். இரண்டு வாரம் ஓசை அடங்கியது போல் இருந்து, மீண்டும் வந்தது. மூன்றாவது பொமன், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், டிஃபரென்ஷியல் போய்விட்டது, முழு அச்சையும் மாற்ற வேண்டும், இல்லையேல் விற்றுவிடுங்கள் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. விற்பதே அறிவுடைமை என்று தம்பி சொன்னான். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அந்த ஓசையே கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இல்லாத காரணத்தைச் சொல்லி வண்டியை விற்கப் பார்க்கிறோம் என்று அவர் எண்ணியிருந்தார்.

இந்த வகை வண்டியில் இயந்திரம் முன்னால், விசை பின்சக்கரங்களுக்கு. கியர் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னே வருகிறது. பின்னச்சின் நடுவிலுள்ள பருத்த உருண்டைக்குள் ஒரு சிறு பற்சக்கரமும் ஒரு பெரிய பற்சக்கரமும் கவ்விச் சுழல்கின்றன. எங்கள் வண்டியில் நீண்ட தண்டு 4.22 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். உருண்டைக்கு இருபுறமும் இரும்புக் குழாய்கள், அவற்றுக்குள் அரைத்தண்டுகள், குழாய் முனைகளில் சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகள். இவை எல்லாம் ஒரே இரும்பாய் இணைந்திருப்பதுதான் தொல்லை. ஒரு மூலையில் பிறக்கும் ஓசை குழாய் வழியே ஓடி மறுமூலையில் கேட்கும். எனக்கு அது வலப்பக்கச் சக்கரத்திலிருந்து வருவதாகவே கேட்டது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் செவி அப்படித்தான் சொல்லும்.

ஆகவே, எங்கே கேட்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு, எப்போது கேட்கிறது, எப்போது மாறுகிறது என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் குறைநீக்கல் போதனை கற்பித்த விரிவுரையாளர் வற்புறுத்திய முறை இது. என் வகுப்பில் ஒரு மாணவன் எழுத்துகளை விட்டுவிட்டு எழுதுவான். சோம்பேறி என்று முந்தைய ஆண்டின் குறிப்பேட்டில் இருந்தது. சொல்வதெழுதுதலில் அவன் ஓர் எழுத்தைக்கூட விடுவதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டுமே விட்டான். பெற்றோர் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலக்கங்சார் செல்லும் பழைய சாலையில், வாகனம் குறைந்த காலை வேளையில், மூன்று ஞாயிறு ஓட்டினேன். தம்பி பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதினான். (விற்க வேண்டும் என்றவனே எழுதட்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.) 60இல் செல்லும்போது மிதியை அழுத்தினாலும் விட்டாலும் உறுமல் மாறவில்லை. பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் விசை ஏறும்போது ஒரு தொனியும் இறங்கும்போது வேறு தொனியும் கேட்டிருக்க வேண்டும். கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து வண்டியை உருளவிட்டபோதும் ஓசை தொடர்ந்தது. ஆகவே இயந்திரமும் இல்லை. புதுத் தாரிலும் சொரசொரப்பான பழைய தாரிலும் ஒரே மாதிரி ஒலித்தது. டயரின் ஓசை என்றால் சாலைக்குத் தக்கபடி மாறும். புறப்படும்போது 'டொக்' என்ற சத்தமும் இல்லை; நீண்ட தண்டின் மூட்டுகள் தளர்ந்திருந்தால் அது கேட்கும்.

ஒன்று மட்டும் மாறியது. வலப்புற வளைவுகளில் உறுமல் கூடியது. இடப்புற வளைவுகளில் தணிந்தது. வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. செவி வலம் என்றது. வளைவு இடம் என்றது.

வீட்டு முற்றத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சின் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். இதைச் செய்ய நினைப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் தலையை நீட்டாதீர்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு இயந்திரத்தை இயக்கிக் கியர் போடுவதும் ஆபத்து, வண்டி பாய்ந்துவிடும். கியரை நடுநிலையில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும்.

தம்பி சக்கரத்தைச் சுழற்ற, நான் பட்டை ஸ்பிரிங்கின் மேல் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் தெளிவாக விளங்கவில்லை. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். மெதுவாகக் குந்தி அமர்ந்து, வலப்பக்க ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையைப் பதித்தார். சுழற்றச் சொன்னார். பிறகு இடப்பக்கம் வந்து அதேபோல் செய்தார். சில நொடிகள்தாம்.

"இங்க கை வெச்சுப் பாரும்மா. மண்ணு அரைபடுது" என்றார்.

வைத்துப் பார்த்தேன். ஆமாம், நறநறவென்ற நுண்ணிய அதிர்வு. வலப்பக்கத்தில் அது அறவே இல்லை. இத்தனை மாதங்களாக எங்களுக்குக் கேட்டதும் அவருக்குக் கேட்காததும் அவருடைய உள்ளங்கையில் இருந்தது. "அப்போ நெஜமாவே சத்தம் வருதா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். தம்பி தலையாட்டினான். அதன் பிறகு விற்பனைப் பேச்சு எழவில்லை.

கழற்றும் வேலையை அப்பாவின் பழைய நண்பரான ஒரு சீன முதியவரிடம் ஒப்படைத்தோம். மோரிஸ் மைனரில் இதற்காக டிஃபரென்ஷியலைத் தொடவே தேவையில்லை. சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, அரைத்தண்டை வெளியே உருவி, நடுவிலுள்ள பெரிய நட்டை அவிழ்த்தால், இழுப்பான் கொண்டு பேரிங்கை எடுத்துவிடலாம். குண்டுகள் ஓடும் தடத்தில் பெரியம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள். அதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம் இறுகிப்போய், அச்சு எண்ணெய் பிரேக் கட்டைகள் வரை கசிந்து நனைத்திருந்தது. பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் பிரேக்கை நம்பி ஓட்டியிருக்கிறேன். முழு அச்சையும் மாற்றச் சொன்னவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டிருப்பார். எனக்குள்ள மனக்குறை அதுவே, விலை அன்று.

பேரிங், ரப்பர் வளையம், காகித கேஸ்கட், இருபுறப் பிரேக் கட்டைகள், புது எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்தும் அந்தப் பொமன் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. வலப்பக்க ரப்பர் வளையத்தையும் முதியவர் கையோடு மாற்றிவிட்டார்.

இப்போது 60இல் இயல்பாகப் பேச முடிகிறது. 70ஐத் தொட்டு மிதியை விடும்போது மட்டும் நடுவிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று எழுகிறது. மீண்டும் அழுத்தினால் மறைகிறது. அது பற்சக்கரங்களின் தேய்மானம். அறுபது ஆண்டு ஓடிய அச்சுக்கு அது இருக்கத்தான் செய்யும் என்று முதியவர் சொன்னார். குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.