கோட்டோரம் நிற்கிறவர்கள்

அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கத் தொடங்கிக் கொஞ்சக் காலத்திலேயே எனக்குப் பந்தை விடக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்களில்தான் கண் போகத் தொடங்கிட்டுது. என்.எஃப்.எல். மட்ச் ஒன்றில் ஏழு நடுவர்கள். அதில் நாலு பேருக்கு இடம் பக்கக்கோட்டு ஓரம். பந்து வைத்து ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு நேரே இந்தக் கரையில் ஒராள், எதிர்க் கரையில் ஒராள். அங்கிருந்து சுமார் 20 யார்ட் தள்ளி இன்னும் ரெண்டு பேர்.

நடுவுக்குப் போனால் கிட்டப் பார்க்கலாமே, ஏன் ஓரத்தில்? கோட்டுக்கு நேரே நின்றால்தான் யார் முந்தி அசைந்தது எண்டு தெரியும். கொஞ்சம் விலகினாலும் பார்வை சரிந்துவிடும். கிரிக்கெட்டில் ஸ்குயர் லெக் நடுவர் ரன் அவுட் பார்க்கக் கிரீசுக்கு நேரே நிற்கிறாரே, அதே கணக்குத்தான்.

பந்தோடு ஓடினவரை விழுத்தின பிறகு நடக்கிறதுதான் எனக்கு விருப்பம். விழுந்த இடத்துக்கு ஓரத்து நடுவர் குறுக்கால ஓட மாட்டார். கோட்டோரமாகவே வந்து, அந்த இடத்துக்கு நேரே நின்று, பிறகு செங்கோணமாகத் திரும்பி உள்ளே போவார். குறுக்கால வந்தால் பிடித்து வைத்த இடம் கண்ணிலேயே நகர்ந்துவிடும். நாலு முயற்சிக்குள் 10 யார்ட் போகவேண்டிய விளையாட்டு. அரை அடியிலும் பந்து கைமாறும். எதிர்க் கரைக்காரரும் அதே நேரில் வந்து நின்றால் ஒரு நிம்மதி.

கோல் கோட்டுக்குக் கிட்ட இன்னும் கஷ்டம். பந்து வர முன்னமே அவர் அங்க நிற்கவேணும். பின்னால் ஓடி வந்தால் வீரரின் முதுகுதான் தெரியும்.

இவ்வளவுக்கும் இவர்கள் ஓடுவது 6 அடி வெள்ளைப் பட்டையில். பக்கத்திலேயே கோச்மார் காது கிழியக் கத்துவினம். 2013 நவம்பரில் ஸ்டீலர்ஸ் கோச் மைக் டொம்லின் அந்தப் பட்டையில் நின்று, ஓடி வந்த எதிரணி வீரருக்கு இடைஞ்சலாகி, 100,000 டொலர் தண்டம் கட்டவேண்டி வந்தது. சரியான தண்டம்தான்.

நல்ல இடத்தில் நின்றாலும் எல்லாம் பிடிபடும் எண்டில்லை. 2019 ஜனவரி, நியூ ஓர்லியன்ஸ். பந்து வந்து சேர முன்னமே ராம்ஸ் வீரர் செயின்ட்ஸ் வீரரை மோதி விழுத்துகிறார். அதுவும் பக்கக்கோட்டுக்குக் கிட்ட. கொடி விழேல்லை. ராம்ஸ் 26-23 என வென்று சூப்பர் போலுக்குப் போனது. அடுத்த சீசன் அந்த வகைத் தீர்ப்பை வீடியோவில் மீளப் பார்க்க அனுமதித்தார்கள். ஒரு வருசத்தோடு நிறுத்தியும் விட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. ஸ்லோ மோஷனில் எந்த மோதலும் குற்றம் மாதிரித்தான் இருக்கும்.

2021 சூப்பர் போலில் அந்த ஓரத்தில் நின்றவர் சாரா தோமஸ். 2015இல் என்.எஃப்.எல்.லின் முதல் முழுநேரப் பெண் நடுவரானவர். சூப்பர் போலுக்கும் அவதான் முதல் பெண். அந்த மட்ச் வீடியோ கிடைத்தால் பாருங்கோ. பந்தை விட்டிட்டு, அவவின்ர காலைப் பாருங்கோ.