முத்து கிடைக்காது... ஆனாலும் முத்துநகருக்குப் போய் வாருங்கள்!

பிள்ளைகளுக்குக் கடற்கரை வேண்டும், அப்பாவுக்குக் காட்டு விலங்குகளைப் பார்க்க வேண்டும், பாட்டிக்குக் கோயில் வேண்டும். இப்படி வீட்டில் ஆளுக்கொரு ஆசை இருந்தால், தென்னாப்பிரிக்கா, இலங்கை என்று டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் தூத்துக்குடியை ஒருமுறை யோசியுங்கள். சென்னை எழும்பூரில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். விமானத்தில் வருபவர்களுக்கு வாகைகுளத்தில் 2025 ஜூலையில் திறக்கப்பட்ட புதிய முனையம் இருக்கிறது. மூன்று நாள் போதும்.

ஒன்றை மட்டும் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் பெயர் முத்துநகர்தான். ஆனால், முத்துக் குளிப்பதை இப்போது அங்கே பார்க்க முடியாது.

முத்து எங்கே போனது?

இடுப்பில் கயிறு, காலடியில் கல், கையில் வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிப் பார்களுக்கு இறங்கி, சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வந்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். எல்லா வருடமும் குளித்துவிட முடியாது. பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் அரசு அனுமதிக்கும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அதன் பிறகு சிப்பி அந்த அளவுக்குத் தேறவே இல்லை. 1973-ல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். கடல் தானாகத் தரும் முத்துக்கான காத்திருப்பு மட்டும் அறுபது வருடங்களைத் தாண்டிவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் இந்தக் கரை வேறு மாதிரி தெரியும்.

முதல் நாள்: ஊருக்குள்

காலையில் பனிமய மாதா பேராலயம். 1713-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா என்பதால், அந்த நாட்களில் போவதென்றால் அறைக்கு முன்பே சொல்லி வையுங்கள். பக்கத்திலேயே பழைய துறைமுகம். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணிகளை இங்கே பார்க்கலாம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மாலையில் உப்பளப் பக்கம் போங்கள். வெயில் சாயும் நேரத்தில் உப்புக் குவியல்கள் பளபளக்கும். குளிர்காலமாக இருந்தால் பூநாரைகள் கண்ணில் படலாம். அந்த வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாருபவர்களையும் பாருங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பிறகு, முத்துநகர் கடற்கரையில் காற்று வாங்கலாம்.

‘தீவுக்குப் போகலாமா?’ என்று கேட்பார்கள். சாலை வழியே போகக்கூடிய முயல் தீவு உண்டு. ஆனால் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தபடி படகு பிடித்து அங்கே இறங்க முடியாது. காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டியே, இந்தக் கரைக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்ற இப்போது செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: தெற்கே

திருச்செந்தூர் சாலையில் போகும்போது கொற்கைக்கு ஒரு திருப்பம் எடுங்கள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். இன்று அங்கே கடலே இல்லை! தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. சுற்றிலும் வயலும் வாழையும்தான்.

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, நாழிக்கிணற்றில் நீராடி, அங்கிருந்து தேரிக்காட்டுக்கு. செக்கச் செவேல் மணல்மேடுகளும் பனைகளுமாக, இது தமிழ்நாடுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் மணப்பாடு. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே அலை, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. கடலில் இறங்கும் முன் உள்ளூர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: வெளிமான் தேடி

திருநெல்வேலி சாலையில் வல்லநாடு வெளிமான் சரணாலயம். 16.41 சதுர கிலோமீட்டர்தான். சிங்கமும் யானையும் கிடையாது. ஆனால், இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டு, விடியும்போது அங்கே இருங்கள். மங்கிய நிற உடை, ஒரு பைனாகுலர், வாயை மூடிய பொறுமை. இவை போதும். முறுக்குக் கொம்போடு கருத்த ஆண் மான் முட்புதருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் உங்களுக்கு யோகம். மான் வராவிட்டால் ஹார்ன் அடித்து வரவழைக்கப் பார்க்காதீர்கள்.

திரும்பும் வழியில் ஆதிச்சநல்லூர். தோண்டிய குழிகளுக்குள் முதுமக்கள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம்.

எப்போது போகலாம்?

ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்துவிட வேண்டாம். மீன் சாப்பிடவே வருபவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

என்ன வாங்கலாம்?

பவளப்பாறைத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் கிடந்தாலும் அங்கேயே விட்டுவிடுங்கள். சில வகைச் சங்கு, சோழிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

வாயில் வைத்ததும் கரையும் முந்திரி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி, வழியில் கோவில்பட்டி கடலை மிட்டாய். இவற்றை எவ்வளவு அள்ளிக்கொண்டு போனாலும் கடலுக்குக் குறை வராது. பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்!