இழுத்தால் அவிழும் முடிச்சு

செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறே முக்காலுக்கு, சிங்கப்பூர் தேக்காவில் வீராசாமி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் மடக்கு மேசை ஒன்று விரியும். மேசைமேல் நீளமான நோட்டுப் புத்தகம், கயிற்றில் கட்டிய பேனா. பக்கத்தில் இரண்டு பெரிய தெர்மக்கோல் பெட்டிகள். ஒன்றில் சோற்றுப் பொட்டலங்கள், மற்றதில் குழம்புப் பைகள். ஏழு மணிக்குள் மேசைக்கு முன்னால் முப்பது, நாற்பது பேர் நின்றுவிடுவார்கள். தேக்காவில் நாற்பது ஆண்கள் சத்தமே இல்லாமல் கூடி நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதிரே காப்பிக் கடை. மகளின் பரத வகுப்பு எட்டேகாலுக்கு முடியும். அதுவரை ஒரு தே ஓவை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். சந்து குறுகல். அங்கே பேசுவது இங்கே காதில் விழும். இரண்டு ஆண்டுகளாக அந்த மேசைப் பக்கம் போய் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்ப்பதோடு சரி.

வரிசையில் நிற்பவர்களுக்கு உடம்பில் எங்காவது ஒரு கட்டு இருக்கும். ஒருவருக்குக் கையில், ஒருவருக்குக் காலில், இன்னொருவருக்குக் கழுத்தில் பட்டை. வேலையிடத்தில் அடிபட்டு இழப்பீட்டுக்காக மனிதவள அமைச்சின் முடிவை எதிர்பார்த்திருப்பவர்கள். சம்பளம் வராமல் புகார் கொடுத்தவர்களும் உண்டு. வேலை அனுமதிச் சீட்டு ரத்தான பிறகு இவர்கள் கையில் இருப்பது ஸ்பெஷல் பாஸ். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. அடிபட்ட உறுப்பில் எத்தனை விழுக்காடு பழையபடி ஆகாது என்று மருத்துவர் கணித்துச் சொல்ல மாதக்கணக்காகும். அதுவரை சோறும் இருப்பிடமும் முதலாளியின் பொறுப்பு என்பது சட்டம். ஆனால் யார்மீது புகார் கொடுத்தாரோ அந்த முதலாளியின் விடுதியிலேயே படுக்கப் பயந்து வெளியே வந்துவிட்டவருக்கு அடுத்த வேளைச் சோறு எங்கே என்பதே பெரிய கவலையாகிவிடுகிறது.

ட்ரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2008இல் கஃப் சாலையின் பெயரில் தொடங்கிய இலவச உணவுத் திட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். நான் பார்க்கும் மேசை அதைவிட மிகச் சிறியது. பெயர்ப்பலகை இல்லை, ஒரே மாதிரிச் சட்டை இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வேன் ஓட்டிவரும் சீனப் பெரியவர், வங்காளம் பேசும் ஓர் இளைஞர், இன்னும் ஓரிருவர். அவ்வளவுதான்.

பின்னர் அந்த மேசையில் கைகொடுக்க வந்த ஒரு பெண்ணை நான் முதலில் பார்த்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மேசை விரிவதற்கு முன்னால், இதே காப்பிக் கடையில். பத்தொன்பது வயது இருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியின் சட்டை, முதுகுப் பை, கையில் பாதி குடித்த மைலோ. உடன் ஒரு தோழி. அடுத்த மேசை என்பதால் கேட்காமல் இருக்க வழியில்லை.

“என் அத்தை பொண்ணு அமெரிக்காவுல ஒண்ணுல சேர்ந்திருக்கா. சர்வீஸ் மட்டும்தான் பண்ணுவாங்க. ஆனா எல்லாரும் சிஸ்டர்ஸ் மாதிரி. எனக்கும் அப்படி ஒண்ணுல சேரணும்.”

“இங்க அதெல்லாம் இல்லையே.”

“அதான் தேடுறேன்.”

அவள் ஆசைப்பட்டது எதை என்று எனக்குப் புரிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய சகோதர, சகோதரி அமைப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பலவும் நட்புக்கும் கேளிக்கைக்கும்தான். தொண்டுக்கென்றே பிறந்தவையும் அவற்றில் உண்டு. 1925இல் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் சாரணர் பின்னணி கொண்ட மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா அப்படிப்பட்டது. பெண்களுக்கென 1952இல் காமா சிக்மா சிக்மா வந்தது. அதற்கெல்லாம் முன்னால், 1913இல், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் 22 கறுப்பினப் பெண்கள் டெல்டா சிக்மா தீட்டா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில் வாஷிங்டன் தெருவில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட ஊர்வலத்தில் நடந்தார்கள். சேர்வதென்றால் இப்படிச் சேரவேண்டும் என்று ஒரு பெண் ஏங்குவதில் என்ன தவறு?

தோழி சொன்னதும் முழு உண்மையில்லை. இந்த ஊர்த் தமிழர்களுக்குச் சேர்வது பழைய பழக்கம். என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லை. ஊர்க்காரர்கள் கூடித் தங்கிய கொங்சியில் ஒரு மூலை கிடைத்தது. வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவர்கள் அவர்கள்தான். ஒருவர் இறந்துபோனால் காரியத்துக்குக் காசு சேர்த்தவர்களும் அவர்கள்தான். அப்படிச் சேர்ந்த கைகள்தாம் பிறகு சங்கங்கள் ஆயின. பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணியும் நண்பர்களும் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1941இல் அமைந்த கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த கையோடு 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. ஓர் ஊரிலிருந்து வந்த தொழிலாளிகளும் கடைக்காரர்களும் சேர்ந்து நாட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தார்கள். தேக்காவில் நடக்கும்போது அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்த வழி அறுந்து போகவில்லை. 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா வந்தது. இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்காக எத்தனையோ தொண்டூழியர்கள் அங்கே மாலைகளைக் கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை தண்ணீர் கொடுக்கும் கைகள் எத்தனை! பள்ளிகளிலும் 1997 முதல் மாணவர்களுக்குச் சமூகப் பணி பாடத்தின் ஒரு பகுதி. ஆண்டுக்கு ஆறு மணி நேரமாவது என்று தொடங்கிய அது 2012இல் வேறு பெயரும் வடிவமும் பெற்றது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த தலைமுறைதான் காப்பிக் கடையில் பார்த்த பெண்ணும் அவள் தோழியும். அன்று மேசை விரிந்ததும் இருவரும் அங்கே போனார்கள். பள்ளிப் பழக்கத்தாலோ என்னவோ, தோழி முதலில் கேட்டது சான்றிதழ் கிடைக்குமா என்று. ஆசிரியை கோபப்படவில்லை. “அப்படியெல்லாம் எங்ககிட்ட இல்லம்மா. வேலை இருக்கு, செய்யறீங்களா?” என்றார்.

முதல் நாள் அவளுக்குக் கிடைத்த வேலை, தண்ணீர் போத்தல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றாள். வரிசையில் வந்த ஒவ்வொருவரும் போத்தலை வாங்கிக்கொண்டு “தேங்க்யூ மேடம்” என்றார்கள். ஒவ்வொரு மேடத்துக்கும் அவள் தோள் கொஞ்சம் குறுகியது. அவர்களில் பலர் அவள் அப்பா வயது.

அடுத்த வாரம் தோழி வரவில்லை. இவள் வந்தாள்.

மூன்றாவது வாரம் நடந்ததைத்தான் நான் எழுத நினைத்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது எளிது. குழம்புப் பை அப்படியில்லை. வாயைத் திருகி ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கே நகம் வலிக்கும். இடது கை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து பையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஓரம் கிழிந்து சாம்பார் சட்டையில் கொட்டியது. யாரும் பார்க்கிறார்களா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் என் கிளாஸைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

ஓடிப்போய் டிஷ்யூ கொடுத்தாள். இன்னொரு பை எடுத்துவந்து பிரித்துக்கொடுக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். பெட்டி கட்டிவந்த ராஃபியா கயிறு தரையில் கிடந்தது. அதை எடுக்கச் சொன்னார்.

“ரப்பர் வேணாம் மேடம். கயிறு போடுங்க. ரெண்டு சுத்து. இப்ப நுனியை முழுசா உள்ள விடாதீங்க. மடிச்சு, லூப்பா விடுங்க. ஆங். இப்ப இறுக்குங்க.”

அவள் இறுக்கினாள். அவர் வலது கையால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு காணாமல் போனது. பை திறந்துகொண்டது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“நான் ரிக்கர். கப்பல் பட்டறையில பதினோரு வருஷம். கயிறுதான் நம்ம வேலை.”

அவள் மறுபடி கட்டினாள். தவறாக வந்தது. அவர் ஒரு கையாலேயே நுனியைத் திருப்பிக் காட்டினார். நாலாவது முறை சரியாக வந்தது. அன்று மிச்சமிருந்த பைகளையெல்லாம் ரப்பரைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டினாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து பெட்டி வந்து இறங்கியதும் அவள் செய்யும் முதல் வேலை அதுதான். கையில் கட்டுப் போட்டவர்களுக்கு ராஃபியா கட்டிய பை. மற்றவர்களுக்கு ரப்பர். அவளாக வகுத்துக்கொண்ட முறை. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றுக்கண்டு ஒன்று வாங்கிவந்து மேசைக்கு அடியில் வைத்தார்.

ஐந்தாவது வாரம் நல்ல மழை. சந்தில் தண்ணீர் ஓடியது. மேசையைக் காப்பிக் கடைக்குள்ளேயே தூக்கி வந்துவிட்டார்கள். ஆசிரியை அன்று வரவில்லை, நோட்டு இவள் கையில் இருந்தது. ரிக்கர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மழைக்காக நெகிழிப் பையில் சுற்றிவைத்திருந்தார். மருத்துவமனை முத்திரை தெரிந்தது.

“இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.”

அவள் ஆங்கிலத்தில் விறுவிறுவென்று படித்துவிட்டாள். தமிழில் சொல்ல வந்தபோது ஓர் இடத்தில் நின்றாள். பெர்மனென்ட் இன்கெபாசிட்டி. உதட்டைக் கடித்தாள். “எப்பவும்... கையால... முடியாத...” என்று தேடினாள். பள்ளியில் பத்தாண்டு தமிழ் படித்த பெண். அந்தச் சொல் எந்தப் பாடத்திலும் வந்திருக்காது.

“நிரந்தர ஊனம்” என்றார் அவர். தன் கையைப் பற்றித்தான் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “எழுதிக்குங்க. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இது வரும். எத்தனை பெர்சன்ட்னு போட்டிருக்கு?”

அவள் எழுதிக்கொண்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், பெரிய எழுத்தில். பிறகு விழுக்காட்டைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் கடிதத்தைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மேடம் என்று சொல்லவில்லை. “வரேன் தங்கச்சி” என்றார்.

அவளுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அடுத்தவர் கடிதத்தை நீட்டிவிட்டார். எனக்கு விழுந்தது.

ஏழாவது வாரம் அவள் வரவில்லை. வரிசையில் மூன்று பேர் ஆசிரியையிடம் கேட்டார்கள். “பரீட்சைப்பா. அடுத்த வாரம் வந்துடும்” என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். அன்று ரப்பரைக் கழற்றிக் கயிறு கட்டியது ரிக்கர்தான். மேசைக்கு அந்தப் பக்கம், மற்றவர்களோடு நின்று, ஒரு கையாலும் பல்லாலும் கட்டினார். மெதுவாகத்தான் வந்தது. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

எட்டாவது வாரம் அவள் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். காப்பிக் கடையில் உட்காரவில்லை. நேராகப் போய் மடக்கு மேசையைத் தானே விரித்தாள். அமெரிக்கா பேச்சு அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. எந்தச் சங்கத்திலாவது சேர்ந்தாளா என்பதும் தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கம் மட்டும் நிறைந்துகொண்டே போகிறது. மருத்துவ விடுப்பு, இழப்பீடு, மேல்முறையீடு, நிலுவைச் சம்பளம். ஒவ்வொன்றும் வரிசையில் நின்ற யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்த சொல்.

சென்ற செவ்வாய் நான் காப்பிக் கடையிலிருந்து எழுந்து சந்தைத் தாண்டிப் போனேன். ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, “தமிழ் எழுதுவீங்களா?” என்று மட்டும் கேட்டார். எழுதுவேன் என்றேன். பேனாவைக் கொடுத்தார்.

தேக்காவில் இப்படி மேசை போடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயர் உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. சோறு ஓரளவு கிடைத்துவிடுகிறது. ஆங்கிலக் கடிதத்தைப் படித்துத் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஆள் போதவில்லை. எதிலாவது சேரவேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை ஏங்கினால், வாரத்தில் ஒரு மாலை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள்.