குறையுள்ள நாவல்களும் ஆசான்களே

கதை எழுதப் பழகும் இளைஞர்களுக்குப் பெரியோர் கூறும் முதல் அறிவுரை, சிறந்த நூல்களைப் படியுங்கள் என்பதாகும். நல்ல அறிவுரைதான். ஆயினும் கதைக்கலையின் நுட்பங்களை எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்தவை குறைகள் வெளிப்படத் தெரியும் பழைய நாவல்களே என்று சொன்னால் சிலர் வியப்படையக்கூடும்.

காரணம் எளியது. செம்மையாக நெய்த பாயில் கோரையும் நூலும் பிணையும் இடம் கண்ணுக்குப் புலப்படாது. ஓரம் பிரிந்த பாயோ தான் நெய்யப்பட்ட முறையைக் காட்டிவிடும். சிறந்த நாவலைப் படிக்கையில் நாம் கதையில் ஆழ்ந்துவிடுகிறோம். அது எவ்வாறு ஆக்கப்பட்டது எனக் கேட்கத் தோன்றுவதில்லை. குறையுள்ள நாவல் ஓரிடத்தில் நம்மை நிறுத்திவிடுகிறது. இங்கே நம் மனம் ஏன் விலகியது என்ற வினா எழுகிறது. அதற்கு விடை தேடுவதே பயிற்சி.

கண்டி தந்த அறிஞர் சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யை எடுத்துக்கொள்வோம். முதல் தமிழ் நாவல் அச்சேறி ஆறே ஆண்டுகளில் தோன்றிய நூல் அது. எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, முடிவில் பெற்றோரைச் சேரும் வரலாறு. நிகழ்ச்சிகள் விரைந்து வருகின்றன. தற்செயல்கள் வேண்டிய வேளையில் வந்து உதவுகின்றன. அசனோ தொடக்கம் முதல் இறுதி வரை நல்லவனாகவே விளங்குகிறான். அவன் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்திருக்கக் கூடாதா என ஏங்குகிறோம். துன்பம் வெளியிலிருந்து மட்டும் வந்தால் வாசகன் வியப்பான். உள்ளிருந்தும் வந்தால்தான் கலங்குவான் என்பதை அவ்வேக்கமே எனக்கு உணர்த்தியது.

1879இல் நூலாக வந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அடிக்கடி கதையை நிறுத்திவைத்து நீதி புகட்டும். அந்நீதிகள் பலவும் என் நினைவில் இல்லை. ஆண்வேடம் பூண்டு நாடாளும் ஞானாம்பாளை மட்டும் மறக்க இயலவில்லை. ஆசிரியர் சொன்னது கரைந்துபோயிற்று. பாத்திரம் செய்தது நிலைத்துவிட்டது. 1893 முதல் தொடராக வந்த ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' முற்பாதியில் கிராமத்து மனிதர்களை உயிரோடு நடமாட விடுகிறது. பிற்பாதியில் வேதாந்தம் மேலோங்க, அம்மனிதர்கள் மங்கிப்போகின்றனர். நெறியொன்றை உணர்த்த விழைந்து பேனா பிடிக்கும் நம்மவர் அனைவருக்கும் இது எச்சரிக்கையன்றோ!

இவ்வாறு குறை காண்பது முன்னோரை இழிவுபடுத்துவதாகாதா என்று கேட்கலாம். நம்மிடையே முன்னோர் நூல்களுக்கு இரண்டே நிலைகள் வாய்க்கின்றன. விழா மேடையில் போற்றப்படும். அல்லது நூலக அலமாரியில் தூசு படிந்து கிடக்கும். இரண்டிலும் அவை படிக்கப்படுவதில்லை. புகழ்ச்சியால் மூடப்பட்ட நூலிலிருந்து இளைய எழுத்தாளன் எதைக் கற்பான்? அவன் வழி தெரியாமல் மீண்டும் முதலடியிலிருந்தே தொடங்க நேரும். இந்த இழப்பு நம் இலக்கியத்துக்குத்தான்.

குறை காண்பதோடு நின்றுவிடவும் கூடாது. மனம் விலகிய இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஓர் அத்தியாயத்தை நம் போக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். நான் பல முறை அவ்வாறு முயன்றிருக்கிறேன். தற்செயலை நீக்கினால் கதை நகர மறுக்கும். அறிவுரையை நீக்கினால் பாத்திரத்துக்குப் பேச்சே இராது. அப்போதுதான் அம்முன்னோர் பட்ட பாடு விளங்கும். பின்பற்றத் தமிழில் முன்மாதிரி ஏதுமின்றி, செய்யுள் கோலோச்சிய காலத்தில், உரைநடையில் ஒரு முழு வாழ்வைச் சொல்ல முனைந்தவர்கள் அவர்கள்.

எனவே இளைஞர்களே, அப்பழைய நூல்களை அலமாரியிலிருந்து எடுங்கள். கையில் பென்சிலோடு படியுங்கள். ஓரத்தில் குறியிடத் துணியுங்கள். எழுதியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுவே.