புலியின் பிள்ளை

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு கேட்பார்கள். கேட்பவருக்கு அது வாழ்த்து. கேட்டே வளரும் பிள்ளைக்கோ சுமை! வென்றால், "இரத்தத்தில் ஊறியது" என்பார்கள். தோற்றால், "தந்தையின் பெயரைக் கெடுத்தான்" என்பார்கள். அவன் சிந்திய வியர்வையை யார் கணக்கில் எடுத்தார்கள்?

நாம் படிக்க வந்திருக்கும் இந்தப் பெங்களூரையே பாருங்கள். 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட்டுகள் வீழ்த்தி முதலிடம் பெற்றவர் ரோஜர் பின்னி. அவர் மகன் ஸ்டூவர்ட், தந்தை ஆடிய கர்நாடக அணியிலேயே ஆடினார். 2014இல் அவர் இந்திய அணியில் இடம் பெற்றபோது, தேர்வுக் குழுவில் தந்தையும் இருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆனால் அவ்வாண்டு ஜூன் 17 அன்று மிர்பூரில், வங்கதேசத்திற்கு எதிராக நான்கே ஓட்டங்கள் கொடுத்து ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார் ஸ்டூவர்ட். 1993 முதல் அனில் கும்ப்ளே வசமிருந்த இந்தியச் சாதனை அன்று வீழ்ந்தது. அந்தப் பந்துகளைத் தந்தையா வீசினார்?

வேறு வழி சென்றோரும் உண்டு. சுனில் கவாஸ்கரின் மகன் ரோகன், தந்தையின் பம்பாயை விட்டு வங்காள அணிக்காக ஆடினார். 2004இல் இந்தியாவுக்காக 11 ஒருநாள் ஆட்டங்களிலும் ஆடினார். சச்சின் டெண்டுல்கரின் மகன் அர்ஜுன், 2022இல் கோவாவுக்கு மாறி, தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே சதம் அடித்தார். மாறியதை ஓட்டம் என்பதா? ஆட இடம் தேடுவது ஓட்டமாகாது.

அறிவியல் மாணவனுக்கு இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? என் அண்ணன் இதே துறையில் முதல் மாணவராகத் தேறியவர். திட்ட ஆய்வுக்கு ஆய்வகம் தேர்ந்தெடுக்கும் காலம் இது. "அண்ணன் இருந்த இடம்தானே?" என்று தொலைபேசியில் அப்பா கேட்கிறார், உடன் படிப்போரும் கேட்கிறார்கள். அண்ணன் படிகங்களை ஆராய்ந்தார். என் மனமோ உயிரணுக்களின் அசைவில் லயித்துக் கிடக்கிறது. விண்ணப்பத்தில் வேறு ஆய்வகத்தின் பெயரையே எழுதிவிட்டேன். அண்ணன்மேல் எனக்குள்ள மதிப்பு அணுவளவும் குறையவில்லை. அவர் பெயர் எனக்குக் கதவைத் திறக்கலாம். உள்ளே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவன் நானல்லவா?

நண்பர்களே! புதிதாக வரும் தம்பி தங்கையரிடம், "இன்னாரின் தம்பியா? இன்னாரின் மகளா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உனக்கு எதில் ஆர்வம்?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவர்கள் தோளிலிருந்து பெருஞ்சுமையை இறக்கி வைக்கும்.