ரோஜாச் செடியின் எரு

"அச்சமூட்டும் படம், மீண்டும் ஒருமுறை பார்ப்போமே" என்றார் நண்பர். பூச்சந்தைக்குப் பெயர் பெற்ற தோவாளையில் அவர் இல்லம். பிச்சியும் ரோஜாவும் மணக்கும் அவ்வூரில், ஓரிரவு, 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தைக் கண்டோம். 1978இல் பாரதிராஜா இயக்கியது. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நடித்தது. சிறுவனாக இருந்தபோது அதைக் கண்டு, உறக்கம் வராமல் விடியும்வரை விழித்திருந்தவன் நான். இம்முறையும் அஞ்சினேன். ஆனால் கத்தியைக் கண்டு அல்ல, கதையைக் கண்டு!

செல்வச் சீமான் ஒருவன். பெண்களை இன்சொல் கூறி அழைத்து வருகிறான், கொல்கிறான், தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜா பூக்கிறது. ஏன் இந்தக் கொடுமை? படமே விடை பகர்கிறது. இளமையில் ஒரு பெண் அவன்மீது பொய்ப்பழி சுமத்தினாளாம். அவனை வளர்த்தவரின் மனைவி வழி தவறினாளாம். ஆகவே பெண் குலமே பகையாம்!

"பாவம்! அவனைக் கெடுத்ததே பெண்கள்தாமே?" என்றார் நண்பர்.

"மாண்டவர்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லும், பார்ப்போம்" என்றேன்.

அவரால் இயலவில்லை. என்னாலுந்தான். கொன்றவனுக்கு இளமைக் கதை உண்டு. கொலையுண்டவளுக்கு நம் நினைவில் பெயரும் இல்லை!

"இறுதியில் சாரதா தப்பிவிடுகிறாளே! அவளும் பெண்தானே?" என்று வாதிட்டார் அவர்.

ஆம், தப்புகிறாள். மணமின்றி நெருங்க இசையாதவள் தப்புகிறாள்; இசைந்தவர்கள் எருவாகிறார்கள். கொலைகாரன் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, ஒழுக்க நூலையும் அவன் கையிலேயே கொடுப்பதா? 1960இல் ஹிட்ச்காக் அளித்த 'சைக்கோ'விலும் கொலைகாரனின் பித்துக்குத் தாயின் மீதே பழி விழுகிறது. கடல் கடந்தாலும் கணக்கு ஒன்றே!

நம் நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதன்று. முப்பந்தல் இசக்கியின் கதையை அறியாதார் யார்? நம்பிய காதலனாலேயே நகைக்காகக் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திவந்து பழி தீர்த்தவள் என்று வில்லுப்பாட்டு பாடுகிறது. உயிரோடிருந்தபோது நீதி இல்லை. செத்த பின் கோயில், கொடை, குரவை! கொன்றுவிட்டுக் கும்பிடுவது பக்தியா? குற்ற உள்ளத்தின் நடுக்கமா?

மேலாடை அணிந்ததற்காகப் பெண்கள் தெருவில் தாக்கப்பட்ட மண் இது. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இசைந்தது, அதுவும் நிபந்தனையோடு. அன்று, மறைத்தாள் என்று குற்றம். இன்று, மறைக்கவில்லை என்று குற்றம். தீர்ப்பு மட்டும் மாறவேயில்லை.

இவ்வளவும் நண்பரிடம் முழங்கினேன். முழங்கி முடித்ததும் நெஞ்சு சுட்டது. ஏன்?

சென்ற திங்கள், என் வகுப்பு மாணவி ஒருத்தி, வழியில் ஒருவன் தொடர்ந்து வந்து தொல்லை தருவதாகக் கூறினாள். படித்த நான், பகுத்தறிவு பேசும் நான், அவளிடம் முதலில் கேட்டது என்ன? "நீ அவனைப் பார்த்துச் சிரித்தாயா?" என்பதே! அவள் தலை குனிந்தாள். அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கத்தி ஏந்தியவன் மட்டுமா கொடியவன்? அவனுக்குக் காரணம் தேடித் தருகிற நாவும் அந்தத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிறதே!

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பின், "அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப் போகிறீர்?" என்றார்.

மறுநாளே சொன்னேன். "நான் கேட்டது தவறு, அம்மா. அவன் யார் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். நிமிர்ந்தாள்; சொன்னாள். அன்று மாலையே அவள் பெற்றோரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றோம்.

தோழர்களே, படங்களைப் பாருங்கள்; அஞ்சவும் செய்யுங்கள். ஆனால் எதைக் கண்டு அஞ்சுவது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருட்டில் நிற்பவனைக் காட்டிலும், வெளிச்சத்தில் நின்று "அவள் என்ன செய்தாள்?" என்று கேட்பவனே அஞ்சத் தக்கவன். நான் அவனாக இருந்தேன். இனி இரேன்.